மறுகாவா, பேந்தா, அப்புறமா: உங்கள் வீட்டில் எது?

11 மே 2024, வாசகர் கேள்வி

என் மகனுக்கு ஐந்து வயது. நாள் முழுக்க இந்தியக் கார்ட்டூன். "அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்கிறான். மட்டக்களப்பில் பிறந்த பிள்ளையின் வாயில் அதே அர்த்தத்தில் நாம் சொல்லும் ஒரு "மறுகா" இல்லை. நம்மட பேச்சு இந்தப் பரம்பரையோடு முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீடுகளில் எப்படி?

11 மே, இரவு

முடிந்தது என்று முடிவெழுதும் அளவுக்கு நான் வரமாட்டேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் கல்லடி. இவர் பருத்தித்துறை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பதால் கல்யாணம் கட்டி அவர்தான் இங்கே வந்தார். பதினொரு வருஷமாக இந்த வாவிக் காற்றுத்தான், இந்தச் சோறுதான், ஆனாலும் வாயைத் திறந்தால் "பேந்து". பேந்து பார்ப்பம், பேந்து வாறன், பேந்து சாப்பிடுறன். என் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் "மறுகா". மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலரை, இரண்டு பேரும் ரீவி பார்த்து "அப்புறம்". ஆக, ஒரு வேலையைத் தள்ளிப்போட எங்கள் வீட்டில் மூன்று சொல் இருக்கிறது. வேலைதான் நடப்பதில்லை.

12 மே

நேற்று எழுதியதை மூத்தவளுக்கு வாசித்துக் காட்டினேன், அது பிழையாகப் போயிற்று. இன்று ஞாயிறு. காலையிலேயே போன வருஷக் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு, அம்மா, அப்பா, பெத்தா (அவளுக்கு அம்மம்மா, என் அம்மாதான்), தம்பி என்று நான்கு பெட்டி கீறி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தாள். யார் எந்தச் சொல் சொன்னாலும் ஒரு கோடு. மத்தியானம் சோறு தின்னும்போதும் தாள் மடியில்தான்.

பின்னேரம் கணக்கு வாசித்தாள். பெத்தா, மறுகா 22. அப்பா, பேந்து 14. தம்பி, அப்புறம் 6, பேந்து 3. அம்மா, மறுகா 2, அப்புறம் 11.

"நான் எப்படி பதினொண்டு சொன்னன்? பிழையா எண்ணியிருக்கிறாய். சரி, அதை அப்புறம் பார்ப்பம்" என்றேன்.

ஒன்றும் பேசாமல் பன்னிரண்டாவது கோட்டைப் போட்டாள்.

12 மே, பிந்திச் சேர்த்தது

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை. கார்ட்டூனைத் திட்டுவதற்கு முன்னால், இரவு ஏழரைக்கு வீட்டில் எந்த நாடகம் ஓடுகிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று ஒருதரம் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன். மேலே சொல்ல விருப்பமில்லை.

15 மே

மறுகா மட்டக்களப்புத் தமிழரின் சொத்து என்பதுபோல நான் எழுதிவிட்டதாக அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கோபித்திருக்கிறார். சரிதான். அக்கரைப்பற்று, சம்மாந்துறை, காத்தான்குடி முஸ்லிம் வீடுகளிலும் அதே மறுகாதான், அதே "என்னகா"தான். என்னோடு வேலை செய்யும் காத்தான்குடிப் பிள்ளையும் நானும் கதைத்துக்கொண்டிருந்தால், கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் கேட்கும். திருத்திக்கொள்கிறேன்.

"மறு கால்", அதாவது இன்னொரு தரம் என்பதுதான் தேய்ந்து மறுகா ஆனது என்று பள்ளியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் சொல்வார். மறுக்காச் சொல்லு, மறுகாச் சொல்லு என்று அம்மா இரண்டையும் மாறிமாறிச் சொல்வதைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சொல் என்றதும் இன்னொன்று. போன கிழமை தேத்தண்ணிக்குச் சீனி முடிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்குச் சின்னவனை அம்மா அனுப்பினார், படலையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்க. "எள்ளுப்போலச் சீனி வாங்கி வா மனே" என்று சொல்லி விட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எள்ளுப்போல என்றால் கொஞ்சம், அவ்வளவுதான். கடையில் நின்ற பொடியன் வெளியூர், புதுசு. இவன் போய் என்ன சொன்னானோ, அவன் என்ன விளங்கினானோ, ஒரு பேப்பர்ச் சுருளில் எள்ளு வந்தது. அன்றைக்குத் தேத்தண்ணியை வாழைப்பழத்தோடு குடித்தோம். மறுநாள் எள்ளுருண்டை.

28 மே

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அம்மா பிறந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 1978 சூறாவளியில் வீடு போன பிறகு கல்லடிப் பக்கம் வந்த குடும்பம், ஆனால் வைகாசி பிறந்தால் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குப் போகாமல் இருக்கமாட்டார். இந்த முறை மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இன்றைக்கு எந்தக் குடியின் சடங்கு, நாளைக்கு எந்தக் குடி என்று பெரியவர்கள் கதைத்ததை இவள் கேட்டிருக்கிறாள். பெத்தா, குடி எண்டா என்ன? பெத்தாவுக்குச் சொல்லவா வேண்டும்? குடி தாய்வழியில்தான் வரும், அம்மாட குடிதான் பிள்ளைக்கு, உலகிப்போடி குடி என்று ஒன்று இருக்கு, காலிங்கா குடி என்று ஒன்று இருக்கு, ஒரே குடிக்குள் கல்யாணம் கட்டக்கூடாது, வயிற்றுவார் என்றால் குடிக்குள் வரும் தாய்வழிக் கிளை, என்று இரவிரவாகப் பாடம்.

அப்ப அப்பாட குடி?

"உன்ட அப்பா யாழ்ப்பாணம். அவருக்குக் குடி இல்ல."

பிள்ளை இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வகுப்பில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு ரீச்சரும் வெளியூர்தான், இந்த வருஷம் மாற்றலாகி வந்தவர். இவள் எழும்பி நின்று சொன்னது: "எங்கட அப்பாக்குக் குடி இல்ல ரீச்சர். அம்மாக்கும் பெத்தாக்கும்தான் குடி. எனக்கும் தம்பிக்கும் அம்மாட குடி வந்திருக்கு."

போன கிழமை ரீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மிக மெதுவாக, "வீட்டில ஏதும் பிரச்சினை இருந்தா என்னட்டச் சொல்லலாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெத்தாவுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். எழுபத்தொன்று என்றேன். அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. "இந்த வயசிலயுமா" என்று வாய்க்குள் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சிரிப்பை அடக்கி விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போயிற்று. நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். போகும்போது கையைப் பிடித்தது ஒருவிதமாகத்தான் இருந்தது.

2 ஜூன்

எந்தக் குடி என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே இங்கே யாராவது மச்சாள் முறை கொண்டாடிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்து நிற்பீர்கள்.

இந்தக் கதையில் உண்மையாகவே மனம் நொந்தது இவர்தான். "எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் ஒண்டுமில்லையோ" என்று அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அம்மா ஆறுதல் சொன்னார்: "குடி கேக்காமலே பொண்ணு குடுத்த ஒரே மருமகன் நீங்கதானே தம்பி." அது ஆறுதலா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அவருக்கும்தான்.

22 ஜூன்

நேற்றுப் போயா, முழுநிலா நாள். மீன் பாடுவதைக் கேட்கக் கூட்டிப்போ என்று மூத்தவள் இரண்டு மாதமாகக் கரைச்சல். மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு இதுவரைக்கும் ஒருநாளும் காட்டவில்லை என்றால் அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கல்லடியில் பிறந்த நானும் கேட்டதில்லை. சின்ன வயதில் அப்பா பழைய இரும்புப் பாலத்தில் நிறுத்தி "கேக்குதா?" என்பார், நான் "ஓம்" என்பேன். அப்பாவும் கேட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. 2013இல் புதுப்பாலம் வந்த பிறகு வாகன இரைச்சல் பக்கத்திலேயே, பாலத்தில் நின்று கேட்பது கனவு.

பக்கத்து வீட்டு அண்ணனின் தோணியில் போனோம். முறை தெரியும்தானே: துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற முனையில் காதை வைக்க வேண்டும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும், அமைதியான பறுவ இரவுகளில் கேட்கும் என்பார்கள். நிலா தலைக்கு மேலே, காற்று இல்லை, அண்ணன் தோணியை அசையாமல் பிடித்துக்கொண்டார். முதலில் மூத்தவள். ஒன்றுமில்லை. நான் வைத்தேன், தண்ணீர் பலகையில் மோதும் சத்தம்தான். இவர் துடுப்பைக் காலுக்கிடையில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு சின்னவனை மடியில் இருத்தி அவன் காதை வைத்தார்.

"கேக்குது" என்றான்.

பொய் சொல்கிறான் என்று மூத்தவள் போய்க் காதை வைத்தாள். கண் விரிந்தது. "ஓம் அம்மா, ம்ம்ம்ம் எண்டு!" நானும் வைத்தேன். சத்தியமாகக் கேட்டது. விட்டு விட்டு, ஒரு தாளத்தோடு, துடுப்புக் கட்டை முழுக்க நடுங்கியது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. நாற்பது வயதுக்குக் கிட்ட வந்துதான் ஊர் தன் இரகசியத்தைச் சொல்கிறது என்றெல்லாம் நினைத்தேன்.

இவருடைய காற்சட்டைப் பொக்கற்றில் போன். துடுப்பு அதில் முட்டிக்கொண்டிருந்தது. எடுத்தால் பருத்தித்துறையிலிருந்து மாமி. "எங்கையடா நிக்கிறியள், எத்தினைதரம் எடுக்கிறது?"

சின்னவனுக்கு இன்றைக்கும் மீன் என்றால் அப்பம்மாதான். அப்பம்மா பாடினவ என்று நேர்சரியில் சொல்லியிருக்கிறான்.

23 ஜூன்

மீன் பாடுவது கட்டுக்கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இதே வாவியில் இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை நனைந்த விரலால் தேய்த்தால் எழும் சத்தம் போல இருந்ததாம். அவருக்கு நம்மட மீன்பிடிகாரர் காட்டியது மீனை இல்லை, ஊரியை. ஓட்டுக்குள் இருக்கும் பூச்சிதான் கத்துகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மீனா ஊரியா என்ற சண்டை அன்றையிலிருந்து நடக்கிறது. அவருக்குப் போன் வந்திருக்க வழியில்லை என்பதை மட்டும் கவனிக்கவும்.

இதை மூத்தவளுக்குச் சொன்னது என் பிழை. கல்யாணத்துக்கு வந்த ஆறு கண்ணாடிக் கிளாசில் மிச்சம் இருந்தது ஒன்று. இப்போது அதுவும் இல்லை. உடைவதற்கு முன்னால் பாடியதாம்.

20 ஜூலை

கேள்வி கேட்டவர் இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களா? உங்களுக்காகத்தான் இது.

நேற்று விபுலானந்த அடிகளின் நினைவுநாள், பள்ளியில் பேச்சு. மூத்தவளுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். சுத்தமான தமிழில், "பின்னர்", "அதன் பின்னர்" எல்லாம் போட்டு. ஒரு கிழமை பாடமாக்கினாள். மேடைக்குப் போனதும் தாளை மடித்துக் கையில் பொத்திக்கொண்டாள். நான் நாலாவது வரிசையில் இருந்தேன்.

"சுவாமி விபுலானந்தர் 1892ஆம் ஆண்டு காரைதீவில பிறந்தார். அவருக்கு மயில்வாகனம் எண்டு பேர் வைச்சாங்க. மறுகா அவர் துறவியானார். மறுகா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில தமிழ்ப் பேராசிரியரானார். மறுகா இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மறுகா யாழைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். மறுகா 1947ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி காலமானார்."

ஐந்து மறுகா, நான் எண்ணினேன். முன்வரிசையில் இருந்த வயதான ஆசிரியர் ஒருவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார், சிரித்தாரா என்னவோ. அடிகளின் சமாதி எங்கள் கல்லடியில்தான் இருக்கிறது. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்பதா என்று கேட்டேன். எதுக்கு, அவரும் காரைதீவார்தானே, சின்ன வயதில் மறுகா சொல்லாமலா இருந்திருப்பார் என்று இவர் கேட்டார். பருத்தித்துறையாரின் வாயிலிருந்து.

28 ஜூலை

மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு மாமி வந்து இறங்கியிருக்கிறார். ஆடி அமாவாசைத் தீர்த்தம் பார்த்துவிட்டு ஐந்தாம் திகதி இரவு பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. கூட வந்த இவருடைய தாய்மாமா ஒருநாள்தான் நின்றார். அந்த ஒருநாளும் ஒரே பகிடி: "அக்கா, பாயிலை இருக்கிறாய், கவனம். மட்டக்களப்பார் மருந்து போட்டுப் பாயோடை ஒட்டி வைச்சிடுவினம். உன்ரை மோன் பதினொரு வருசமா எழும்பேல்லை." நாங்கள் கேட்டுப் புளித்த பகிடி. ஒப்புக்குச் சிரித்து வைத்தோம். சின்னவன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

2 ஆகஸ்ட்

இழைக்குச் சம்பந்தமில்லாதது, புலம்பல்தான்: ஒரு வீட்டில் கம் போத்தல் எப்படிக் காணாமல் போகும்? மூத்தவளின் ஒட்டுவேலைக்கு வாங்கியது, புதுசு, பெரிய போத்தல். அவள் இவரைச் சொல்கிறாள், இவர் என்னைச் சொல்கிறார்.

5 ஆகஸ்ட்

நேற்றுத் தீர்த்தம். குளத்தடியில் தலை தவிர ஒன்றும் தெரியாத சனம். கச்சான், பலூன், காப்பு என்று மூத்தவள் மூன்றாய்ப் பிரிந்து நின்றாள். படியில் மாமியின் கால் பிரண்டுவிட்டது. கணுக்கால் வீங்கி, இன்று டொக்டரிடம் காட்டினால் எலும்பில் ஒன்றுமில்லை, ஒரு கிழமை காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ்ஸில் இருக்கக் கூடாது என்கிறார். ரிக்கற்றை மாற்றியாயிற்று. சின்னவனுக்குச் சொன்னால் துள்ளுவான் என்று பார்த்தேன். போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டான்.

11 ஆகஸ்ட்

2ஆம் திகதி எழுதியதற்குத் திருத்தம். கம் போத்தல் கிடைத்துவிட்டது, வெறும் போத்தல்.

இன்று காலை மாமி எப்போதும் இருக்கும் பன்புல்லுப் பாயை வெயிலில் போட எடுத்தேன். வரவில்லை. இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம், பாயின் நடுவில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு வட்டம் தரையிலேயே நின்றுவிட்டது. சிவப்புச் சீமெந்தில் பன் ஒட்டிக்கொண்டு மீன்முள் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. நான் கத்திய சத்தத்தில் எல்லோரும் வந்தார்கள், ஒருவனைத் தவிர.

கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்து எடுத்தோம். ஒரே அழுகை. "மேல போட்டது காஞ்சிட்டு. அதான் கீழயும் போட்டன்." எதுக்கடா? "அப்பம்மா போகாம." அதோடு நிற்கவில்லை. கால் வீங்கியது தன்னுடைய கம்மினால்தான் என்று ஆறு நாளாக நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். ஆறு நாள். சோறு குறைவாகத் தின்கிறான் என்று நான் பூச்சி மருந்து கொடுத்தேன்.

மாமி கதிரையில் கால் நீட்டி இருந்தபடியே சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி. "அட மோனே, ஒட்டினதுதான் ஒட்டினாய், கட்டிலிலை ஒட்டியிருக்கக் கூடாதே? இந்தப் பாயிலை இருந்து எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

12 ஆகஸ்ட்

தரையில் ஒட்டியதை எப்படி எடுப்பது என்று கேட்டவருக்கு: வெந்நீர் ஊற்றி, ஊறவைத்து, தேங்காய்ப் பொச்சு. பொலிஷ் போய்விட்டது, வட்டம் அப்படியே தெரிகிறது. இவர் அதற்கு மேல் ஸ்ரூல் ஒன்றை வைத்து மறைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஸ்ரூல் ஏன் நடுவீட்டில் என்று கேட்கிறார்கள், இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

15 ஆகஸ்ட்

செவ்வாய் இரவு மாமியை ஏற்றிவிட்டோம். நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தார். போய்ச் சேர்ந்தது, கால் நோவு குறைந்தது, முருங்கைக்காயை ஆடு தின்றது எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப் போகும்போது, "சரி பிள்ளை, மறுகா எப்ப வாறியள்?" என்றார்.

ஸ்பீக்கரில் இருந்தது. நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொன்னனீங்கள்?" என்று கேட்டார். "எப்ப வாறியள் எண்டு கேட்டனான்." அதுக்கு முதல்? "அதுக்கு முதல் ஒண்டும் சொல்லேல்லையே." மறுபடி என்றுதான் சொல்லியிருப்பார், லைன் சரியில்லை என்று இவர் ஒரே பிடியாய் நிற்கிறார்.

மூத்தவள் கலண்டர் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பம்மா என்று ஐந்தாவது பெட்டி கீறி, ஒரு கோடு. போனில் சொன்னதைச் சேர்க்கக்கூடாது என்று இவர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.